மண் பிடித்து வைக்காத மருந்து

நெல்லித்தோப்பில் பஸ் ஏறிய பெண், எனக்கு முன் சீட்டில் இருந்தவரைப் பார்த்ததும் தயங்கி நின்றாள். பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"மண்ணுதான்ணே புடிச்சி வெக்கல" என்றாள்.

"எதை?"

"நீ குடுத்த களைக்கொல்லிய. உன் நெலம் களிமண்ணு. மருந்து அதுல ஒட்டிக்கினு மேலயே நின்னுடுமாம். என்னுது மணலு. அதுல ஒட்டாம, மழை பேஞ்சதும் நேரா வெதைக்கே எறங்கிடுச்சாம். நீ போட்ட அளவையே நானும் போட்டிருக்கக் கூடாதாம். வேளாண் ஆபீசரு மண்ணைக் கையில தேச்சிப் பாத்துட்டு சொன்னாரு."

"ஒரு மாசமா ஊர் பூரா நீ என்ன சொன்ன?"

அவள் குரல் இறங்கியது. "போலி மருந்தைக் குடுத்து அண்ணன் என் உளுந்தை அழிச்சிட்டான்னு சொன்னேன்."

"இப்ப?"

"இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அண்ணிகிட்டகூட சொல்லிட்டேன். உன்கிட்ட வரத்தான் பயமா இருந்துச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வந்தது.

எழுந்து பையை எடுத்தவர் கேட்டார். "மறுபடி வெதைக்க உளுந்து வெச்சிருக்கியா?"

"இல்லண்ணே."

"நாளைக்கு வூட்டுக்கு வந்து எடுத்துக்கினு போ. மருந்து மட்டும் என்கிட்ட கேக்காத."