பளபளா சொன்ன விலை

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். காபியில் சர்க்கரை போடவில்லை; உங்களுக்கு ஆகாது என்று தெரியும். நாணயச் சங்கத்தின் செயலாளர் மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார் என்றால், என் சுகத்தை விசாரிக்க அல்ல. அண்ணியைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். அண்ணனின் வெள்ளிக்காசுப் பெட்டியைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். சிரமப்பட வேண்டாம், நானே சொல்கிறேன்.

நியாய விலைக்கு இந்த வட்டாரத்தில் என்னைத்தான் கேட்பார்கள். தற்பெருமை இல்லை, நீங்களே மேடையில் சொன்னதுதான். எடைக்கு எடை வெள்ளி விலை என்பது தரை. அதற்குக் கீழே எந்தக் காசும் போகாது. மற்றதெல்லாம் மாடி. எட்டுக் காசும் ஒரே பெட்டியில் பிறந்தவையா, பெட்டி அதே பெட்டியா, இப்படி இன்னும் எத்தனை செட் மிச்சம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே முகம். அச்சிலிருந்து விழும் காசுக்கு மெல்லிய தோல் ஒன்று உண்டு. விளக்கடியில் திருப்பினால் வெளிச்சம் அதன் மேல் சுற்றி வரும். வருடங்கள் போனால் நீலமும் பழுப்புமாய்க் கறுப்பு படியும். தெரியாதவர்கள் அதை அழுக்கு என்பார்கள். தேய்த்தால் கறுப்போடு தோலும் போய்விடும். பிறகு அது காசு இல்லை, வட்டமான வெள்ளி. மாடியிலிருந்து நேரே தரைக்கு வந்துவிடும்.

உங்களுக்கே இதைச் சொல்கிறேன் பாருங்கள். வயதாகிவிட்டது.

அப்பா எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு வெள்ளிக்காசுப் பெட்டிகள் வாங்கித் தந்தார், பெட்டிக்கு எட்டுக் காசு. எங்கள் வீட்டில் வேறுபாடு கிடையாது; சட்டைத்துணி கூட ஒரே துணிக்கட்டிலிருந்துதான் கிழிப்பார்கள். என் பெட்டியை நான் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். காசுகள் கறுக்க ஆரம்பித்ததும் பல்பொடி போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆயிற்று. அண்ணன் எதிரே உட்கார்ந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு வைத்த பெயர்தான் பளபளா. விருந்தாளிகளிடம், பிறகு கல்யாண வீடுகளில், கடைசிவரை தன் கைக்கடிகார ரிப்பேர் கடைக்கு வந்தவர்களிடம், "இவன்தான் எங்க வீட்டு பளபளா" என்று தோளில் கை போட்டுச் சொல்வான். அவன் பெட்டி மேசை இழுப்பறையில் மூடியபடியே கிடந்தது.

பெரியவனாகி நம் சங்கத்தில் சேர்ந்த புதிதில், என் பெட்டியை ஆசையாய் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போதைய மதிப்பீட்டாளர் மூடியைத் திறந்தார், மூடினார். "சாமான் துலக்கிற கைபோல இருக்கே" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். பரவாயில்லை, சிரிப்பு வரக்கூடிய விஷயம்தான். அதற்குப் பிறகு பளபளா என்ற சொல் எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது.

மதிப்பீட்டுத் தொழிலை நான் கற்றுக்கொண்டது அந்தச் சிரிப்புக்காகத்தான். கற்றுக்கொண்ட பிறகு அண்ணனின் இழுப்பறையில் கிடப்பது என்னவென்றும் தெரிந்தது. அவனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை. நீங்களும்தான் கைக்கடிகாரம் சரிசெய்யப் போன இடத்தில் அதைப் பார்த்தீர்கள். அண்ணன் காட்டியதும் கொட்டாவி விடுவது போல "பரவால்லை, வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, நேரே இங்கே வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தீர்கள். தொடாதீர்கள், தேய்க்காதீர்கள் என்று அன்றைக்கே அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் விலை தெரிந்துவிடுமே. என்றைக்காவது சல்லிசாய்க் கிடைக்கும் என்று காத்திருந்தீர்கள். குறை சொல்லவில்லை. நம் தொழிலில் ஆசையை முகத்தில் காட்டுகிறவன் பிழைக்க முடியாது.

அண்ணன் போன பிறகு அண்ணிதான் கடையைப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே வேலையைக் கற்றவர். அவனைவிடச் சுத்தமாகச் செய்வார் என்று வாடிக்கையாளர்களே சொல்வார்கள். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் கடை இருந்த அறையை விற்கப் போவதாகச் சொன்னார். அண்ணி எடுத்துக்கொண்டால் அவருக்கு, இல்லையென்றால் பக்கத்து மருந்துக்கடைக்கு என்றார். அண்ணிக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

"நீங்க சொல்ற விலைதான் தம்பி விலை. வேற யார்கிட்டயும் நான் போகமாட்டேன்."

அந்தப் பெட்டியின் விலைக்கு அந்த அறை வரும். பெயர்ப்பலகையைப் புதிதாய் எழுதவும் மிச்சம் இருக்கும். அது எனக்குத் தெரியும். பாருங்கள், எதையும் மறைக்கவில்லை.

பிறகு அவரே கேட்டார், எல்லாம் கறுத்துக் கிடக்கிறதே, இப்படியேவா ஒருத்தரிடம் காட்டுவது என்று. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலே போதும், அவரே தேய்த்திருப்பார். ஆனால் சும்மா இருந்துவிட்டு, பிறகு எனக்குத் தெரியாது என்று கையை விரிப்பது என் வழக்கம் இல்லை. எதையும் முறையாகச் செய்கிறவன் நான். போகும் வழியில் வெள்ளிச் சாமான் துலக்கும் பசை ஒரு டப்பாவும் மெல்லிய துணியும் வாங்கிக்கொண்டு போனேன்.

கடைக்குள் வேலைமேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தோம். ஆளுக்கு நாலு காசு. வேறுபாடு கூடாது அல்லவா. அண்ணிக்குக் கைவேலை பழக்கம். விளிம்புப் பல்லுக்குள்ளெல்லாம் தேய்த்தார். அவருடைய இரண்டாவது காசு முடியும்போது தனக்குத்தானே சிரித்தார். எதற்கு என்று கேட்டேன்.

"உங்க அண்ணனுக்கு இதைத் தேய்ச்சு வெக்கணும்னு உயிர் தம்பி. சோம்பேறி மனுஷன், நாளைக்கு நாளைக்குன்னே போயிட்டார். தம்பியோடது எப்படி மின்னும் தெரியுமா, எனக்கு அந்தக் கை வராதுன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவார். பளபளான்னு உங்களைக் கூப்பிடறப்பவெல்லாம் அவருக்கு அவ்வளவு பெருமை."

அந்த நேரத்தில் மேசை மேல் மூன்று காசுகள் கறுப்பாகவே இருந்தன. மூன்று காசுக்கும் தனித்தனியே நல்ல விலை உண்டு. முழு அறை வராவிட்டாலும் முன்பணமாவது கட்டியிருக்கலாம். இதை நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அண்ணியின் துணி அழுக்காகிவிட்டிருந்தது. நான் புதுத் துணியை மடித்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

எட்டும் முடிந்ததும் பெட்டியில் அடுக்கிப் பார்த்து அண்ணி அழுதார். "இப்பதான் தம்பி காசு மாதிரி இருக்கு" என்றார். நான் தராசை எடுத்து வைத்தேன். எடைக்கு எடை வெள்ளி விலை சொன்னேன், உறவு என்பதால் பெட்டிக்குக் கொஞ்சம் மேலே போட்டுக் கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன். அன்றைய தேதியில் அதைவிட நல்ல விலை எந்தக் கடையிலும் கிடைத்திருக்காது. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள். அவ்வளவுதானா என்று ஒரு கணம் அவர் முகம் விழுந்தது உண்மை. உடனே சமாளித்துக்கொண்டார். நான் ஏமாற்றமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

அறை மருந்துக்கடைக்குப் போய்விட்டது. அண்ணி இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவரின் கடையில் பேட்டரி மாற்றுகிறார். அங்கே பார்த்துத்தானே வந்தீர்கள். நிழலான இடம், மின்விசிறி கூட இருக்கிறது. தம்பிதான் கூடவே உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தார் என்று உங்களிடம் சொன்னபோது பெருமையாகத்தான் சொல்லியிருப்பார். உங்கள் முகம் போன போக்கை அவர் புரிந்துகொண்டிருக்க மாட்டார். அவரிடம் இதை விளக்கப் போகிறீர்களா என்பது உங்கள் இஷ்டம். விளக்கினால், நீங்கள் ஏன் அன்றைக்கே வாயைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்து விளக்க வேண்டியிருக்கும்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். லாபத்துக்கா என்று கேட்கிறீர்கள். தரை விலைக்கு வாங்கினேன், தரை விலைக்குத்தான் போகும். இதில் எனக்கு என்ன லாபம்? பொறாமை என்று சொல்வீர்கள். அதுவும் இல்லை. அப்பா இருவருக்கும் சமமாகக் கொடுத்தார், நடுவில் எப்படியோ கோணலாகிவிட்டது, நான் நிமிர்த்தினேன். நியாய விலை என்பது அதுதானே. சமமானவற்றுக்குச் சம விலை.

இதோ, இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில். திறந்து பாருங்கள், எது யாருடையது என்று உங்களால் சொல்ல முடியாது. காலையில் எழுந்ததும் நான் இரண்டையும் ஒருமுறை துடைத்து வைப்பேன். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. ஒரே ஒரு குறைதான், அண்ணன் இல்லை. இருந்திருந்தால் இந்த நாற்காலியில் உட்காரவைத்து, பெட்டியைத் திறந்து காட்டி, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவனைப் பளபளா என்று கூப்பிட்டிருப்பேன்.