நாலு பவுண்டு காற்று

என் சம்பந்தி நல்ல மனிதர். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். போகப் போக மறந்துவிடும்.

குழுவிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறவர்கள் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரலாம் என்று கிளப் வாசலில் ஒட்டியிருந்தீர்கள். எடை, அளவுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் ஆய்வாளராக இருந்தவனுக்கு ஒரு பக்கம் என்பது தும்முவதற்குக்கூடப் போதாது. ஆனாலும் விதி விதிதான். அதனால் கடையில் இருந்ததிலேயே பெரிய தாளாகப் பார்த்து வாங்கிக்கொண்டேன். சுவரில் ஒட்டினால் ஜன்னல் மறையும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். புதியவர்களுக்கான போட்டியில் முதலாவதாக வந்த என் சம்பந்தியிடமிருந்து கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இனி கல்குவாரிப் பக்கமே வரக் கூடாது என்று அவரை விலக்கிவைத்திருக்கிறீர்கள். எல்லோரும் டயர் காற்றை அளந்த கேஜில் ஊசியை நகர்த்தி, மற்றவர்களை விழவைத்தார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய மகன், அதாவது என் மாப்பிள்ளை, தலைகுனிவு தாங்காமல் அப்பாவின் வண்டியை விலைக்குப் போட்டுவிட்டார். வாங்குகிறவர் சனிக்கிழமை காலை வருகிறார். இன்று வியாழன். ஆகவே சீக்கிரம் சொல்கிறேன், ஆனால் வரிசையாகச் சொல்கிறேன்.

குழுவில் பொருளாளர் வண்டி ஓட்டாதவர். அவருக்காக இரண்டு வார்த்தை. நம்முடையது வேகப் போட்டி அல்ல. பக்கத்தில் நடந்து வருகிறவர் நம்மை முந்திவிடுவார். வண்டியில் உட்கார இடமே கிடையாது, கால்மிதியில் நின்றபடி ஓட்ட வேண்டும். பாறை, மரக்கட்டை, ஓடை என்று கொடி நட்ட பாதையில் கால் தரையில் படாமல் கடக்க வேண்டும். கால் ஊன்றினால் ஒரு புள்ளி, விழுந்தால் ஐந்து. புள்ளி குறைந்தவருக்கே வெற்றி. சாதாரண மோட்டார்சைக்கிள் டயரில் முப்பது பவுண்டு காற்று இருக்கும் என்றால், இதன் பின்டயரில் நாலே நாலு. தூங்குகிற குழந்தையின் கன்னம் போல் அமுங்க வேண்டும். அப்போதுதான் டயர் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். காற்று கூடினால் பந்து மாதிரி எகிறும். மேலே இருக்கிறவரும் கூடவே எகிறுவார்.

இப்போது என் மகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். சம்பந்தியம்மா போன பிறகு அவளுடைய மாமனார், நாற்பத்தொரு வருடம் ஒரு பெரிய ஹோட்டலில் சர்வராக இருந்தவர், சுவரைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். யாராவது மேஜையில் டம்ளர் வைத்தால் எழுந்து போய்த் துடைப்பார், மறுபடி உட்காருவார். அவருடைய முழு நாளும் அதுதான். அவள் எனக்கு ஃபோன் செய்தாள்.

"அப்பா, மாமாவ எங்கயாவது கூட்டிட்டுப் போங்களேன். அவர் பாக்குற பார்வைக்கு அந்தச் சுவரே எழுந்து போயிடும் போல இருக்கு."

"எங்கம்மா கூட்டிட்டுப் போறது?"

"எங்கயோ. விழுந்து அடிபடாம திரும்பக் கூட்டிட்டு வந்தாச் சரி."

அடிபடாமல் என்று அவள் சொன்னாள். நான் பின்னால் செய்தது அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

எனக்குத் தெரிந்த இடம் கல்குவாரி. சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை விழுந்திருந்தேன், குறித்துவைத்திருக்கிறேன். அளவு விஷயத்தில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. பெட்ரோலில் கலக்கும் ஆயிலை ஆய்வுக்கூடக் குழாயில் ஊற்றி, துளி பிசகாமல் அளப்பேன். பிறகு நாற்பது உதை உதைத்த பின்தான் பெட்ரோல் குழாயைத் திறக்கவில்லை என்பது தெரியவரும். அது வேறு.

சம்பந்தி முதல் நாள் வந்தார். பயிற்சி தரும் அம்மாவை, வாய்க்கு வாய் 'நிதானம்' என்பதால், நாம் எல்லோரும் நிதானம் அக்கா என்கிறோம். என்னைவிட இருபது வயது இளையவர், இருந்தாலும் அக்காதான். நின்ற இடத்தில் வண்டியைச் சாயாமல் பிடித்து நிற்கச் சொன்னார். என் சாதனை மூன்று விநாடி, அதில் ஒரு விநாடி வேலியில் சாய்ந்து. சம்பந்தி ஏறி நின்றார். நின்றார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், டீ குடித்துவிட்டு வந்தார். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, இதுக்கு முன்னாடி எங்க ஓட்டுனீங்க?"

"ஓட்டுனதில்லம்மா. பதினோரு தட்டு கையில வச்சுக்கிட்டு சமையல்கட்டுக் கதவ முதுகால தள்ளியிருக்கேன்."

மூன்று மாதத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. அன்று சாயங்காலம் என் மகள் ஃபோனில் அழுதாள், சந்தோஷத்தில். மறு வாரமே அவருக்கும் பழைய வண்டி ஒன்று வாங்கினார்கள். அவர்கள் வீடு மூன்றாவது மாடி. அதனால் இரண்டு வண்டியும் என் ஷெட்டில் நின்றன. காற்று வடிகட்டிப் பஞ்சை அவர் சோப்பு நுரையில் அலசிப் பிழியாமல் அமுக்கி, ஆயில் தடவி உலர்த்துவதைப் பார்த்தால் ஏதோ பிறந்த குழந்தைக்குச் சட்டை துவைக்கிற மாதிரி இருக்கும். டயர் காற்றை மட்டும் என்னிடம் விட்டுவிட்டார். "அளவு உங்க துறை சம்பந்தி" என்றார்.

பொறாமை என்று நினைப்பீர்கள். இல்லை, கவலை. வாரத்துக்கு வாரம் அவர் ஏறுகிற பாறை பெரிதாகிக்கொண்டே போனது. அறுபத்தாறு வயது. விழாத மனிதனுக்குப் பயம் வராது. பயம் வராதவன் ஒரு நாள் மொத்தமாக விழுவான். சின்னச் சின்னதாக விழவைத்தால் அவராகவே விலகிக்கொள்வார், எலும்பு பத்திரமாக இருக்கும். நர்ஸின் அப்பா நான். தடுப்பூசி என்பது என்ன என்று எனக்குத் தெரியும்.

முதல் வாரம் ஒரே ஒரு பவுண்டு கூட்டினேன். ஒருவருக்குக் காற்றைக் கொடுப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. ஆறாவது வாரம் பத்தாகியிருந்தது. முழங்கையில் கட்டுடன் வந்தார். கட்டிய கட்டிலேயே தெரிந்தது, என் மகள் எவ்வளவு திட்டியிருப்பாள் என்று. ஆனால் அவர் விலகவில்லை. பின்டயரில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"கொஞ்சம் கெட்டியா இருக்கோ சம்பந்தி?"

"குளிருக்கு ரப்பர் இறுகும்."

"வெயில் அடிக்குதே."

"வெயிலுக்கும் இறுகும்."

கட்டைவிரல் ஆபத்தானது என்று எனக்குப் பட்டது. விரலை வெல்ல எண்ணால்தான் முடியும். அவ்வளவு குறைந்த காற்றைச் சாதாரண கேஜ் காட்டாது. பதினைந்து பவுண்டு வரை மட்டுமே அளக்கிற சின்னக் கேஜ் என்னிடம் ஒன்று இருந்தது; அதே மாதிரி இன்னொன்று வாங்கினேன். முப்பத்து நான்கு வருடம் மற்றவர்கள் திறந்துவிட்டார்களா என்று பார்த்தே பழகிய நான், முதல் முறையாக ஒரு கருவியைத் திறந்தேன். இரண்டு நிமிட வேலை. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். நான் அபராதம் போட்ட வியாபாரிகளை நினைத்து, இவ்வளவு அழகான வேலையை எத்தனை மோசமாகச் செய்திருந்தார்கள் என்று வருத்தப்பட்டேன். ஊசியைக் கழற்றி எட்டுப் பவுண்டு பின்னுக்குத் தள்ளி மாட்டினேன். சும்மா இருக்கும்போது பூச்சியத்தில் தடை முள் பிடித்துக்கொள்ளும், அதனால் பார்வைக்கு எதுவும் தெரியாது. உள்ளே பன்னிரண்டு இருந்தால் வெளியே நாலு காட்டும்.

அதைப் பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டி அவருடைய பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்குன்னு பாத்து யாரும் இப்படி ஒண்ணு வாங்கித் தந்ததில்ல சம்பந்தி" என்றார்.

எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. சர்வர் என்பவர் தனக்குக் கிடைத்ததை முதலில் பக்கத்து மேஜைக்குக் கொண்டுபோகிறவர். மறு ஞாயிறு அவர் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், "உங்களுக்கு அளக்கணுமா? உங்களுக்கு?" என்று கேட்டு நின்றார். புதியவர்கள் பத்துப் பேர் டயரிலும் பன்னிரண்டு பவுண்டு ஏறியது.

அடுத்த வாரங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆட்கள் பொரி மாதிரி பறந்தார்கள். பல் டாக்டருக்கே முன்பல் இரண்டு போனது. ஒன்றாகக் கற்றுக்கொள்ள வந்த கணவனும் மனைவியும், நீ பார்த்ததால்தான் நான் விழுந்தேன் என்று ஆரம்பித்து, தனித்தனி காரில் வரத் தொடங்கினார்கள். நிதானம் அக்கா யோசித்து யோசித்து, கல்லில் பாசி பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தார். ஒரு ஞாயிறு முழுக்க நாம் எல்லோரும் முழங்கால் தண்ணீரில் நின்று ஓடையில் இருந்த பாறைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டினோம். அன்று பிரஷ் கொண்டுவந்தது யார் என்று விசாரித்தீர்களா? நான்தான். பன்னிரண்டு பிரஷ், என் செலவில். கரையேறிப் பார்த்தால் பாறைகள் பளபளவென்று இருந்தன. எல்லோரும் இன்னும் அழகாக விழுந்தார்கள்.

நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். பரிசாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது நாகரிகமா?

சம்பந்திக்கு அந்த மாதம் தாடையில் மூன்று தையல். அப்போதும் விலகவில்லை. பந்து மாதிரி எகிறும் டயரில், விழுந்து விழுந்து, கிளச்சில் ஒற்றை விரலை வைத்துக்கொண்டு கல்லிடம் அனுமதி கேட்டு ஏறுகிறவர் போல ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். போட்டியன்று கொடி நட்ட எட்டுப் பகுதிகளிலும் இரண்டு சுற்றுக்கும் சேர்த்து அவருக்கு இரண்டு புள்ளி. அடுத்து வந்தவருக்கு முப்பத்தொன்று. என்னிடம் சரியான கேஜ் ஒன்று தனியாகப் பிஸ்கட் டப்பாவில் இருந்தது; என் பின்டயரில் மட்டும் அச்சு அசலாக நாலு பவுண்டு. எனக்கு நாற்பத்தாறு புள்ளி, ஒன்பதாவது இடம். அன்று எதிர்க்காற்று.

வெளியூரிலிருந்து வந்த நடுவர், முதலில் வந்த வண்டியை வழக்கப்படி தன் கேஜால் அளந்தார். பன்னிரண்டு. அடுத்தடுத்து வந்த நாலைந்து பேருடையதையும் அளந்தார். ஒன்பதாவதாக வந்தவனை யார் அளப்பார்கள்? பிறகு அந்தக் கேஜ் யாருடையது என்று கேட்டீர்கள். சம்பந்தி எழுந்து நின்று, "என்னோடதுதாங்க" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவருடைய ஹெல்மெட் என் மடியில் இருந்தது. எல்லோரையும் கெட்டி டயருக்குத் தள்ளிவிட்டு, தான் மட்டும் ரகசியமாக அதில் பழகிக்கொண்டார் என்று நீங்கள் தீர்மானித்தபோது, காரணம் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது.

ஆறு வாரம் ஆகிறது. போன ஞாயிறு அவரைப் பார்க்கப் போனேன். நாற்காலி, சுவர். என் மகள் டீ வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

"கேஜ் நான் கொடுத்ததுன்னு ஏன் சம்பந்தி சொல்லல?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "நீங்க காத்து கூட்டுறது முதல் வாரமே தெரியும். தட்டத் தொட்டே சூடு சொல்ற விரல் இது."

"அப்புறம் எதுக்கு ஓட்டுனீங்க?"

"ஒருத்தர் வாரா வாரம் குத்துக்கால் போட்டு உக்காந்து, எனக்காக அளந்து அளந்து அடிக்கிறார். யாரு அவ்வளவு கவனிச்சாங்க என்னை? அப்புறம் கேஜ் குடுத்தீங்க. சரி, மனசு மாறிட்டார்னு நினைச்சேன். விரல் அப்பவும் கெட்டின்னுதான் சொல்லுச்சு. நான் விரலத்தான் சந்தேகப்பட்டேன். உங்க அளவு பொய்யாகுமா?"

"இப்பவாவது சொல்லலாமே."

"சொன்னா மருமக உங்க மூஞ்சியில முழிக்குமா? அதுக்கு இருக்கறது ஒரே அப்பா. எனக்கென்ன, நாற்காலி இருக்கு."

நான் டம்ளரை வைத்த இடத்தை எழுந்து வந்து துடைத்தார்.

வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். குற்ற உணர்ச்சியில் எழுதுகிறேன் என்று யாரும் தப்பாக நினைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நேற்று உங்கள் அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "ஊசி, அனுபவமில்லாத கையால், அவசரத்தில் நகர்த்தப்பட்டிருக்கிறது."

அவசரமா? லென்ஸ் வைத்துப் பாருங்கள். கண்ணாடி விளிம்பில் ஒரு கீறல் இருந்தால் என் ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லுங்கள். எட்டுப் பவுண்டு என்றால் எட்டேகால் இல்லை, ஏழே முக்கால் இல்லை. தட்டு தூக்கிய கை இதைச் செய்யுமா? நான் செய்தேன். டயரில் காற்றை ஏற்றியதும் நான், ஊசியை நகர்த்தியதும் நான், விசாரணையன்று வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்.

கோப்பையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். வண்டியை விற்க வேண்டாம் என்று மாப்பிள்ளைக்கு உடனே ஃபோன் செய்யுங்கள். நானே செய்வேன், ஆனால் என் மகள் எடுத்துவிடுவாள். அறிக்கையில் 'தேர்ந்த கை' என்று திருத்தினால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். பொறாமையில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டே புள்ளி வாங்கிய ஒருவரைப் பார்த்து நான் எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? அவர் ஜெயித்தது என் காற்றில்.