ரொவீனா தூங்கிய மதியம்

எட்டுப் பேர் தூங்க எத்தனை தலையணை வேண்டும் என்று கடைக்காரன் கேட்டான். இருபத்து நான்கு என்றேன். சிரித்தான். தலைக்கு ஒன்று, முழங்காலுக்கு அடியில் ஒன்று, கட்டிக்கொள்ள ஒன்று. பெரிய பதவியில் இருக்கும் பெண்கள் எதையாவது கட்டிக்கொண்டுதான் தூங்குவார்கள். வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

தலையணைக் கதை எதற்கு என்று பார்க்கிறீர்கள். நீங்கள் ரொவீனாவின் வக்கீல். உங்களுக்கு வேண்டியது அந்த மூன்று போன் அழைப்புகள். இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் வக்கீல், எதைக் கேட்டாலும் நினைவில்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். எனக்கோ எல்லாமே நினைவிருக்கிறது. முதலிலிருந்து சொன்னால்தான் நான் செய்ததில் இருந்த நியாயம் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் டெல்ஃபின் காட்ஸ்டன். வயது ஐம்பத்தெட்டு. ஒரு வங்கியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். பன்னிரண்டாவது மாடியில் கறுப்பினப் பெண்கள் இரண்டே பேர், நானும் பெர்னடீனும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே பெர்னடீன் மேசைமேல் தலை சாய்ந்து இறந்துபோனாள். ஐம்பத்தொரு வயது. அவளை வெளியே கொண்டுபோன பிறகு, பக்கத்து அறைக்கு மாறி உட்கார்ந்து அந்தக் கூட்டத்தை முடித்தார்கள். நானும்தான் போய் உட்கார்ந்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து நான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. வேலையை விட்டேன். தெற்குக் கரோலினாக் கடலோரத் தீவில் சதுப்பைப் பார்த்த பழைய வீடு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டேன். எங்கள் மாதிரிப் பெண்கள், அதாவது கறுப்பினத்தவர், ஆசியர், மெக்சிகோ வம்சத்தவர் என்று வெள்ளையர் அல்லாத பெண் அதிகாரிகள், மூன்று நாள் வந்து ஓய்வெடுக்கலாம். பாடம் கிடையாது, பயிற்சி கிடையாது. சாப்பாடு, தூக்கம், கூடி உட்கார்ந்து பேச்சு. அவ்வளவே.

விதிகள் இரண்டு. வந்த உடனே போனை அணைத்து வாசலில் உள்ள கோரைப்புல் கூடையில் போட்டுவிட வேண்டும். தலைபோகிற அவசரமென்றால் வீட்டார் என் சமையலறைப் போனுக்குக் கூப்பிடலாம். இரண்டாவது, முதல் சாயங்காலம் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, இனிமேல் யார் வாயிலிருந்தும் கேட்க விரும்பாத ஒரு வாக்கியத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி எரித்துவிட வேண்டும். எரிப்பதற்கு முன் படித்துக் காட்டலாம். ஒருமுறை கூட வேறு வாக்கியம் வந்ததில்லை. "நீ பலசாலி, சமாளிச்சுடுவே." குழந்தை செத்துப் பிறந்தபோது சொல்லியிருப்பார்கள். மூன்று ஆள் வேலையை ஒருத்தி தலையில் கட்டும்போது சொல்லியிருப்பார்கள். நானும் ஒவ்வொரு முறையும் அதையேதான் எழுதினேன்.

ஆனால் யாரும் ஓய்வெடுக்கவில்லை. அதுதான் என்னை அரித்தது. மூன்று முறை நடத்தினேன், மூன்று முறையும் இரண்டாம் நாளே கலைந்தது. சமையலறைப் போன் அடிக்கும். ஒருத்தியின் அப்பா மருந்து டப்பாவைத் தொலைத்திருப்பார், இன்னொருத்தியின் தம்பி காவல் நிலையத்தில் இருப்பான். ஒருத்தி பையைத் தூக்கினால் மற்றவர்களுக்கும் இருப்புக் கொள்ளாது. நான் வாசலில் நின்று கையாட்டுவேன். கட்டிலில் விரித்த விரிப்பு கசங்காமல் கிடக்கும். மூன்றாவது முறை அந்தக் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஒரே ஒருத்தியாவது இந்த வீட்டில் தூங்கி எழாவிட்டால், பெர்னடீன் விட்ட இடத்திலிருந்து நான் பேசியதற்கு மன்னிப்பே இல்லை என்று தோன்றியது. அப்படி ஒரு தவிப்பு. உங்களுக்கு முப்பது வயதிருக்குமா? இன்னும் சில வருடம் போகட்டும், தெரியும்.

நான்காவது முறை வந்தவள்தான் ரொவீனா மேஃபீல்டு. மின்சார நிறுவனமொன்றில் துணைத் தலைவர். நாற்பத்தேழு வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம். கணவன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். ஒரே மகள் ஜோனெல், மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே சிக்கிள் செல் என்ற ரத்த நோய். வலி வந்தால் எலும்பை உடைப்பதுபோல் வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் ஆஸ்பத்திரியில் நம்பமாட்டார்கள், போதை ஊசிக்காக நடிக்கிறாள் என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல.

நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது ரொவீனா சொன்னாள்:

"கார்ல எப்பவும் ஒரு நீலக் கோட்டு தொங்கும் அக்கா. ஆஸ்பத்திரி வாசல்ல அதை மாட்டிப்பேன். உள்ள போனதும் முதல்ல என் பதவியச் சொல்லுவேன். அப்புறந்தான் பிள்ளை பேரு. அந்தக் குரல் வந்தாத்தான் டாக்டரு நிமிர்ந்தே பாப்பாரு."

"போன்லயே அந்தக் குரல் எடுபடுமா?" என்று கேட்டாள் மரிசெல். பிலிப்பைன்ஸ்காரி, காப்பீட்டு நிறுவன அதிகாரி. வாய் ஓயாது.

"எடுபடும். மூணு தடவ போன்லயே பேசி ஊசி போட வெச்சிருக்கேன்."

"எனக்கும் கொஞ்சம் அந்தக் குரலக் கடன் குடுடி. என் புருஷன் குப்பை கொட்ட மாட்டேங்கறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்று வந்த உடனே போனைக் கூடையில் போட்டபோதே ரொவீனா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஆபீஸ் தீப்பிடிச்சாலும் எனக்கு வேண்டாம் அக்கா. ஜோனெல் கூப்பிட்டா மட்டும், நான் எப்படிக் கிடந்தாலும் உலுக்கி எழுப்பிடுங்க." எழுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மதியம் வெண்டைக்காய்க் குழம்பும் சிவப்புச் சோறும். சாப்பிட்டுவிட்டு ரொவீனா பின்வராந்தா ஊஞ்சல் கட்டிலில் சும்மா சாய்ந்தாள். ஒன்று இருபதுக்குத் தூங்கிப்போனாள். கோழித்தூக்கம் இல்லை. வாய் திறந்து, ஒரு கை கீழே தொங்க, உலகத்தையே விட்டுவிட்ட தூக்கம். ஒவ்வொருத்தியாக வந்து எட்டிப் பார்த்தார்கள். மரிசெல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "எவளாவது தும்மினீங்க, சதுப்புல தள்ளிடுவேன்" என்று என் காதில் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். இத்தனை நாள் எதற்காக அந்த வீட்டை வைத்திருந்தேனோ, அது என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

ஒன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"மிஸ் டெல்ஃபின், நான் ஜோனெல். அம்மாவக் கொஞ்சம் கூப்பிடறீங்களா? காலையிலேர்ந்து ஆஸ்பத்திரியில இருக்கேன். சேர்லயே உக்கார வெச்சிருக்காங்க. நெஞ்சு வலிக்குதுன்னா தலைவலி மாத்திரை குடுக்கறாங்க. அம்மா ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும்."

அம்மா தூங்குகிறாள், ஒரு அரைமணி நேரம் பொறு என்றேன். சரிங்க என்றாள். மரியாதையான பெண். நான் சும்மா இருந்துவிடவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். ரொவீனாவிடம் இருக்கும் குரல் என்னிடமும் உண்டு, இருபத்திரண்டு வருடம் அதை வைத்துத்தான் பிழைத்தேன். காத்திருக்கச் சொல்லி இசை போட்டார்கள். ஒன்பது நிமிடம் கேட்டேன். இரண்டு மணிக் கூடுகைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், வைத்துவிட்டேன்.

இரண்டு முப்பத்தைந்துக்கு இரண்டாவது அழைப்பு. நான்கு நிமிடம் என்று உங்கள் காகிதத்தில் இருக்கும். அதில் முதல் ஒரு நிமிடம் நான் போனருகிலேயே இல்லை. ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனேன். ரொவீனாவின் தோள்வரை என் கை போய்விட்டது. தூக்கத்தில் அவள் முகம் பெர்னடீன் முகம் மாதிரி இருந்தது. பெர்னடீனை யாரும் தூங்கவிடவில்லை. கையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினேன். மீதி மூன்று நிமிடத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது, நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு. ஐம்பது வினாடிதான்.

ஐந்தரைக்கு ரொவீனா எழுந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. பத்து வயது குறைந்துவிட்டாள். முதல் கேள்வி, "ஜோனெல் கூப்பிட்டாளா?"

"இல்லம்மா" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இறாலும் சோறும் இரண்டு தட்டு சாப்பிட்டாள். மரிசெல் என்னவோ சொல்ல, புரையேறச் சிரித்தாள். ஜோனெல் இறந்துவிட்டாள் என்று ஆறு பத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வந்தது. அதை மட்டும் நான் தடுக்கவில்லை.

ரொவீனா கத்தவில்லை. நேரே காருக்குப் போய் அந்த நீலக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தான் எல்லாவற்றையும் போட்டாள். போய்ப் பேசினால் மகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. நான்தான் ஓட்டினேன். இரண்டரை மணி நேரப் பயணம். வழியில் ஒரே ஒரு முறை, "என்னக் கூப்பிடவே இல்லையா அக்கா?" என்றாள். இல்லை என்றேன். கூடையிலிருந்து எடுத்த அவளுடைய போன் அவள் மடியில் அணைந்தே கிடந்தது. ஜோனெலின் போனில் என் எண் மூன்று முறை இருந்ததை ரொவீனா ஒன்பது நாள் கழித்துத்தான் பார்த்தாள்.

நர்ஸ் எழுதிய குறிப்பை நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். காலையிலிருந்து இருபது முறை மணியடித்துக் கூப்பிட்ட பெண், இரண்டு நாற்பதுக்குப் பிறகு ஒருமுறை கூடக் கூப்பிடவில்லை. 'நோயாளி அமைதியாக இருக்கிறார்' என்று எழுதியிருக்கிறது. வலி அடங்கிவிட்டது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அவள் ஏன் கூப்பிடுவதை நிறுத்தினாள் என்று உங்களுக்குப் புரியவில்லை. ரொவீனாவுக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் தெரியும். மேசைக்குக் கீழே என் வக்கீல் என் காலைத் தட்டுகிறார், பரவாயில்லை.

இரண்டாவது முறை அந்தப் பெண்ணால் பேசவே முடியவில்லை. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "அம்மாவ எழுப்பினீங்களா?"

"எழுப்பினேன்டா. விஷயத்தச் சொன்னேன்."

"பேச மாட்டாங்களா?"

இந்த இடத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும். யோசித்துச் சொன்னதல்ல, தானாக வந்தது. காலமெல்லாம் எனக்குச் சொல்லப்பட்டது, ஒவ்வொரு முறையும் நான் எழுதி எரித்தது.

"அம்மா சொல்லச் சொன்னாங்க. நீ பலசாலி, சமாளிச்சுடுவே."

"அம்மாவா சொன்னாங்க?" என்றாள்.

"அம்மாதான்."

மூன்றாவது முறை அவள் அம்மாவைக் கேட்கவில்லை. குரல் தாழ்ந்திருந்தது. "அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. நான் அழல. யாரையும் தொந்தரவு பண்ணல. அவங்க நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்." சொல்கிறேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை.

நான்கு மணி நேரம் பத்து நிமிடம் ரொவீனா தூங்கினாள். அந்த வீட்டில் அப்படித் தூங்கியவள் அவள் ஒருத்திதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இனி இதையெல்லாம் நீங்கள் அவளிடம் சொல்லித்தான் ஆகவேண்டும், உங்கள் தொழில் அது. ஒன்று மட்டும் கேட்கிறேன். சாயங்காலத்தில் சொல்லாதீர்கள், அவளுக்குத் தூக்கம் கெட்டுவிடும்.