கடித்த ரொட்டிக்கு நான் சொன்ன பொருள்

ஓவியக் காட்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது சட்டத்தைத்தான். அடுத்துப் பார்ப்பது கீழே ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டை. அதற்கும் அடுத்து, தம் காலணியில் சேறு இருக்கிறதா என்று. நேரம் மிஞ்சினால் ஓவியத்தையும் பார்ப்பார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, தோழரே. மக்கள் இப்படி இருப்பதால்தான் என்னைப் போன்ற ஒருவன் தேவைப்பட்டான்.

நீங்கள் தாஷ்கண்டிலிருந்து பத்தொன்பது ஆண்டுப் பழைய கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஓவியர் யுல்தாஷ் குற்றவாளியா, குற்றமற்றவரா என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட வேண்டும் உங்களுக்கு. அந்தக் கோப்பில் சாட்சியம் என்று இருப்பது ஒன்றே ஒன்று; அது என்னுடையது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

இளமையில் நான் மேடைப் பேச்சாளன். கோகந்த் சந்தையில் எண்ணெய்ப் பீப்பாயின் மேல் ஏறி நின்று, "தாயத்தை அறுத்தெறியுங்கள், தலையைத் தூக்குங்கள்" என்று முழங்கியவன். முல்லாக்கள் என்மீது வீசிய அழுகிய முலாம்பழங்களின் கறை போகாத சட்டை ஒன்றை இன்றும் வைத்திருக்கிறேன். கண்ணிருந்தும் காணாத மக்களுக்குக் காணக் கற்றுக்கொடுப்பதே என் வேலை என்று அன்றே முடிவு செய்தேன். அதனால்தான் ஊர் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வாத்தியார் என்ற பொருளில் 'தோம்லா' என்றே அழைக்கிறது.

பின்னாளில் எங்கள் ஊர் ஓவியர் சங்கம் எனக்கு ஒரு மேசை தந்தது. விளக்கத் தாள் இல்லாத எந்த ஓவியத்தையும் சுவரில் மாட்டக் கூடாது என்பது அப்போதைய விதி. மரம் ஏன் சாய்ந்திருக்கிறது, சன்னல் ஏன் திறந்திருக்கிறது, வானம் ஏன் சிவந்திருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லியாக வேண்டும். விதியில் தவறில்லை. வாயால் சொல்ல முடியாததை ஓவியன் இடத்தால் சொல்கிறான், பொருட்களால் சொல்கிறான், நிழலால் சொல்கிறான், எழுத்தாளனும் அப்படியே. கதையில் மழை பெய்தால் யாரோ அழப்போகிறார்கள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் சங்கத் தலைவர்.

தலைவர் ப்ரோகோர் இல்யிச் அதற்கு முன்பு ரயில் சரக்குக் கொட்டகையின் கண்காணிப்பாளர். சரக்கு கெட்டுப்போகாமல் காத்தவர் கலையையும் காப்பார் என்று மேலிடம் நம்பியது. ஓவியத்தில் எத்தனை பேர் சும்மா நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே அவர் ரசனை. எர்காஷ் என்ற ஓவியர் ஒருமுறை கழுதை ஒன்றை வரைந்திருந்தார். "இந்தக் கழுதை எங்க போகுது?" என்று கேட்டார் தலைவர். எர்காஷுக்கு வியர்த்துவிட்டது. "கிழக்கே போகுதுங்க, தோழரே; சூரியன் உதிக்கிற பக்கம்" என்றேன் நான். ஓவியம் முதல் அறையில் மாட்டப்பட்டது. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் பள்ளத்தாக்கில் வரையப்பட்ட கழுதை, குதிரை, ஒட்டகம் எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கின. "தோம்லா, என் வாத்துக்கும் ஒரு நல்ல அர்த்தம் போட்டுக் குடுங்க, ஆட்டுத் தொடை ஒண்ணு கொண்டாந்துடுறேன்" என்று வீட்டுக்கே வருவார்கள். நான் கொடுத்தேன். பொருளில்லாமல் தவித்த எத்தனையோ ஓவியங்களுக்கு நான் பொருள் ஈந்தவன். அவற்றால் பிழைத்தவர்களின் பட்டியல் உங்கள் கோப்பில் இல்லை.

யுல்தாஷ் மட்டும் என்னிடம் வந்ததில்லை. தன் விளக்கத் தாளைத் தானே எழுதுவார். 'இது முலாம்பழம்.' அவ்வளவுதான். ஒருநாள் தேநீர்க்கடையில், பத்துப் பேர் நடுவில், நட்பாகத்தான் கேட்டேன், என் உதவி வேண்டாமா என்று. அவர் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"உங்க நாக்கை ஊன்றி நடக்கிற படம் நொண்டிப் படம், தோம்லா. என் படத்துக்குக் கால் இருக்கு."

பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை நீங்கள் பகை என்று எழுதிக்கொள்வதைப் பார்க்கிறேன், அடித்துவிடுங்கள். கருத்து வேறுபாடு அது.

முப்பத்தேழாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், தாஷ்கண்ட் காட்சிக்கு ஓவியம் தேர்ந்தெடுக்கும் நாளன்று, யுல்தாஷ் 'வீடு' என்ற ஓவியத்தைக் கொண்டுவந்தார். ஆளில்லாத ஓர் அறை. மூலையில் அடுக்கிய மெத்தைகள். சன்னலுக்கு வெளியே இலையுதிர்ந்த வாதுமைக் கிளை. சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு முழு ரொட்டி. அதன் ஓரத்தில் ஒரே ஒரு கடி.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது. நெடுந்தொலைவு போகிறவன் புறப்படும்போது புது ரொட்டியில் ஒரு கடி கடிப்பான். மீதியை வீட்டார் சுவரில் மாட்டிவைப்பார்கள். அவன் திரும்பி வந்து தின்று தீர்க்கும்வரை வேறு எவரும் அதைத் தொடமாட்டார்கள். வெறும் மூட நம்பிக்கைதான். ஆனால் அறையில் இருந்த எட்டு ஓவியர்களும் அந்த ரொட்டியைப் பார்த்த கணத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கமில்லாமலே விளங்கிவிட்டது அவர்களுக்கு.

தலைவருக்கும் விளங்கியது, அவர் வழியில். "ரொட்டி மிஞ்சிப்போய் சுவத்துல தொங்குது பாருங்க. பஞ்சம் ஒழிஞ்சுதுன்னு இதைவிட யாரு தெளிவாச் சொல்ல முடியும்? ஆமா, விளக்கத் தாள் எங்க?"

"இதுக்கு வேண்டாம்னு விட்டுட்டேன், தோழரே. பார்த்தாலே புரியும்" என்றார் யுல்தாஷ்.

"அதான் எனக்கே புரிஞ்சுபோச்சே. இனிமே தோம்லாவுக்கு வேலை இருக்காது போல."

எல்லோரும் சிரித்தார்கள். எர்காஷ் சிரித்ததுதான் அதிகம்; அவர் கழுதையை மறந்துவிட்டார். நான் எழுந்தேன். ஓர் அதிகாரி அறியாமையில் கிடக்கும்போது ஓர் ஆசிரியன் உட்கார்ந்திருக்கலாமா? வழக்கத்தை அமைதியாக எடுத்துச் சொன்னேன். அது மிச்சமான ரொட்டி இல்லை, காத்திருக்கும் ரொட்டி என்றேன். தலைவர் முகம் மாறியது.

"அப்போ யாரோ போயிருக்காங்க. யாரு?"

"என் பையன் அன்வருங்க. பட்டாளத்துக்குப் போயிருக்கான். அவன் அம்மா மாட்டிவச்சா, நான் வரைஞ்சேன்."

"பட்டாளத்துக்கா? அடடே, அப்ப இது இன்னும் நல்ல படமாச்சே" என்றார் தலைவர்.

அத்துடன் நான் உட்கார்ந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாளில்லாமல் ஓர் ஓவியம் தாஷ்கண்டுக்குப் போயிருக்கும். அதைப் பார்த்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. எவனும் எதையும் தன் கண்ணாலேயே புரிந்துகொள்ளலாம் என்ற நிலை வந்திருக்கும். ஒரு நாடு அப்படி நடக்க முடியாது.

"கடிச்ச இடத்தைக் கிட்ட வந்து பாருங்க, தோழரே" என்றேன். "நடுவுல ஒரு பல்லு விழுந்த இடைவெளி இருக்கு. இது வாலிபப் பையன் கடிச்ச கடி இல்லைங்க."

யுல்தாஷின் அண்ணன் ஹக்கீம், பள்ளி ஆசிரியர், அந்த வசந்தத்தில் மக்கள் பகைவர் என்று கொண்டுபோகப்பட்டவர். ஆட்டுக்கிடாவைப் பறிக்கும் குதிரைப் பந்தயத்தில் விழுந்து அவர் முன்பல்லை இழந்தது ஊரறிந்த வேடிக்கை. அவர் பெயரை நான் உச்சரிக்கவில்லை, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ரொட்டியை முகர்வதுபோல் நெருங்கினார். நெடுநேரம் பார்த்தார். "ஆமா. இருக்கு" என்றார். பிறகு ஒவ்வொருவராய் அழைத்தார். முதல் ஆள் இருக்கிறது என்றார். இரண்டாம் ஆள், நன்றாகவே தெரிகிறது என்றார். எர்காஷ் கழுத்தை நீட்டி, "இருக்கிற மாதிரிதான் இருக்குங்க" என்றார். காணக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு எளிது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

யுல்தாஷ் மறுத்துக் கூச்சலிடவில்லை. என்னைப் பார்த்து, "ரொட்டியை வரைஞ்சது நான். பல்லைப் புடுங்கினது நீங்க, தோம்லா" என்று மட்டும் சொன்னார். நல்ல வாக்கியம். இவ்வளவு தெரிந்தவர் ஒரு பக்கம் எழுதியிருக்கலாமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மறுநாள் ரகசியப் போலீசின் பெரிய கட்டடத்தில் என்னை எழுதித்தரச் சொன்னார்கள். நான்கு பக்கம் எழுதினேன். ஆளில்லாத அறை என்பது ஆட்களைப் பறிகொடுத்ததாகச் சொல்லும் அவதூறு. இலையற்ற கிளை என்பது எதிர்காலமின்மை. விரிக்கப்படாத மெத்தைகள் என்பன உறங்க மறுக்கும் பழிவெறி. தொங்கும் ரொட்டி என்பது தண்டிக்கப்பட்டவன் குற்றமற்றவனாகத் திரும்புவான் என்னும் அறைகூவல். அத்தனை சிறந்த கட்டுரையை அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதியதில்லை. மூன்றாம் நாள் யுல்தாஷைக் கொண்டுபோனார்கள்.

அவர் மனைவி ஷராபத் என்னைத் தேடி வந்தார். விசாரணை முடிய ஒரு வாரம் இருந்தது. நான் போய், தவறாகப் பார்த்துவிட்டேன் என்று ஒரு வரி சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று எவரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான், எனக்கும் அதையே சொல்லியிருந்தார்கள்.

"தோம்லா, மாவு பிசைஞ்சது நான். தந்தூர்ல ஒட்டிச் சுட்டது நான். என் கண்ணு முன்னாடி கடிச்சான் என் பையன். அவனுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கு. வேணும்னா வந்து சுவத்துல பாருங்க, இன்னும் தொங்குது."

நான் பொறுமையாகவே சொன்னேன். "அம்மா, உங்க சுவத்துல தொங்குறது ரொட்டி. படத்துல தொங்குறது கருத்து. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "அப்படியா? நாளையிலேர்ந்து அந்தக் கருத்தையே தின்னுங்க. எத்தனை நாள் உயிரோட இருக்கீங்கன்னு பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். படிக்காதவர். நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லவும் போகவில்லை. ஓர் ஓவியத்தில் தவறாகப் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டால், அதற்கு முன் பார்த்த முந்நூறும் என்ன ஆவது? எர்காஷின் கழுதை என்ன ஆவது?

யுல்தாஷ் வடக்கே மரம் அறுக்கும் முகாமில் மூன்றாவது குளிர்காலத்தில் இறந்தார். அதே ஆண்டு அன்வர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இதோ, ஓவியத்தையே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டீர்கள். பூதக்கண்ணாடி வேண்டாம், உள்ளே போடுங்கள். கடியின் வளைவு முழுமையாக இருக்கிறது, பல் தடங்கள் ஒன்றும் விடுபடவில்லை என்கிறீர்கள். ஆம். அன்றும் அப்படித்தான் இருந்தது. நான் எழுந்து நிற்கும் முன்பே எண்ணிப் பார்த்துவிட்டேன். இல்லாததை இருக்கிறது என்று, தெரிந்தே சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: மகன் பட்டாளத்துக்குப் போகிறான், தாய் ரொட்டியை மாட்டிவைக்கிறாள், அதில் என்ன இருக்கிறது? ஊரில் நூறு வீட்டில் நடப்பது. முலாம்பழம் வரைந்துகொண்டிருந்த மனிதரை ஆழமுள்ள ஓவியராக்கியது என் நான்கு பக்கம்தான். அவருக்கே அது தெரிந்திருக்காது.

குற்றமற்றவர் என்று தாராளமாக எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. இந்த ஓவியத்தை வசந்தகாலக் காட்சியில் மாட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். என் விளக்கத்தையும் அதன் கீழே ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வருகிறவர்கள் எல்லாம், யாரோ ஒருவன் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று அங்கே காத்திருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.