தண்ணிக்கு மேல எடுக்கிற கேமரா

இல்ல தம்பி, நான் கொண்டு வந்த அந்தச் சின்னக் கேமராவைத் திறக்க வேணாம், அது அப்படியே இருக்கட்டும். நீங்க அந்தப் பெரிய கேமராவை எடுங்க. ரெண்டாவது தட்டுல, கறுப்பா, மூக்கை நீட்டிட்டு இருக்கே, அதுதான். பேரு எனக்கு வாயில நுழையாது. டி... ஆமா, டி.எஸ்.எல்.ஆர். போன மாசம் நீங்க இதைத்தான் எடுத்துக் காட்டினீங்க, புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னே செஞ்சது, படம் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி வரும்னு. நான்தான் கேக்கல. தண்ணிக்குள்ள போகுமான்னு ஒரே கேள்வி கேட்டேன், போகாதுன்னீங்க, அப்ப வேணாம்னு இந்த மஞ்சக் கேமராவைத் தூக்கிட்டுப் போயிட்டேன். ஆங், அதே ஆளுதான்.

மாத்திக் குடுப்பீங்கல்ல? பெட்டி, சார்ஜர், கையில மாட்டுற கயிறு, எல்லாம் அப்படியே இருக்கு. ஒரே ஒரு நாள்தான் தண்ணியில இறக்கினேன்.

ரிப்பேரான்னா... அதை அப்புறம் சொல்றேன். முதல்ல எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. இந்தச் சின்னதை விட அந்தப் பெருசு எதுல எதுல உசத்தின்னு ஒண்ணு விடாம சொல்லுங்க, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன். எனக்கில்ல, அவருக்கு. வாசல்ல சக்கர நாற்காலியில உக்காந்திருக்காரே, எங்க வீட்டுக்காரர். உங்க கடைக்கு அந்த ஒரு படி இருக்கு பாருங்க, அதான் உள்ள வரல. ஐயோ வேணாம், ஆளைக் கூப்பிடாதீங்க. தூக்கினா அவருக்குப் பிடிக்காது. அங்கேயே இருக்கட்டும், நிழலாத்தான் இருக்கு. கண்ணாடி வழியா நம்மளைத்தான் பார்த்துட்டிருக்காரு, நீங்க பாட்டுக்கு சிரிச்ச முகமாவே பேசுங்க.

சொல்லுங்க. உள்ள படம் விழுற தகடு பெருசு. எத்தனை மடங்கு? பத்துக்கு மேலயா? பரவாயில்லையே, அது நல்ல விஷயம், அவருக்குக் கணக்குன்னா பிடிக்கும். வெளிச்சம் கம்மியா இருந்தாலும் புள்ளி புள்ளியா வராது. சரி. லென்ஸைக் கழட்டி வேற மாட்டலாம். அது இன்னும் நல்லது, கழட்டி மாட்டுறதுன்னா அவருக்குச் சோறு தண்ணி வேணாம். அமுக்கின உடனே எடுக்கும், சின்னது மாதிரி யோசிக்காது. அப்புறம்?

ஆனா நீச்சல் தொட்டிக்குன்னா இந்தச் சின்னதுதாம்மா சரின்னு மறுபடி ஆரம்பிக்கிறீங்க பாருங்க. போன மாசம் நான் சின்னதைச் சொன்னப்ப நீங்க பெருசைச் சொன்னீங்க. இப்ப நான் பெருசைக் கேட்டா நீங்க சின்னதுக்கு வக்கீலா நிக்கிறீங்க. நல்ல ஆளு போங்க.

கோவமில்ல தம்பி. நீங்க நியாயமா பேசுறீங்க, அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

அவரு லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரெண்டு வருஷம். இந்த ஊர்ல பாதிப் பேரை மேலயும் கீழயும் ஏத்தி இறக்கினது அவரு கைதான். கூட வேலை செய்றவங்ககிட்ட தினம் ஒரு பாட்டுப் பாடுவாரு, கதவு திறந்துச்சேன்னு காலை வைக்காதே, லிஃப்ட் நிக்குதான்னு பார்த்துட்டு வைன்னு. போன வருஷம் மூணாவது மாடியில கதவு திறந்தது, யார்கிட்டயோ பேசிட்டே அவரே காலை வச்சிட்டாரு. லிஃப்ட் அங்க இல்ல. அவ்வளவுதான் கதை. உயிர் இருக்கு, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. கிள்ளினாலும் தெரியாது, வெந்நீர் ஊத்தினாலும் தெரியாது.

மூணு மாசம் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நான் ஊட்டினா வாயைத் திறப்பாரு, இல்லன்னா அதுவும் இல்ல. ஒரு நாள் எங்கிட்ட கேட்டாரு, நீ உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுறியான்னு. நான் சமையக்கட்டுல போய் நின்னு அழுதுட்டு வந்தேன். அப்புறம்தான் ஆஸ்பத்திரியில தண்ணியில பயிற்சி குடுப்போம்னாங்க. தரைத்தளத்துல ஒரு தொட்டி, நெஞ்சளவு ஆழம், வெதுவெதுன்னு தண்ணி, ஓரத்துல நீளமா ஒரு கம்பி. கம்பியைப் பிடிச்சுக்கணும், பயிற்சி குடுக்கிற பொண்ணு கூடவே தண்ணியில இறங்கி இடுப்பு வாரைப் பிடிச்சுக்கும். சொந்தக்காரங்க இறங்கக் கூடாது, ஓரத்துல பெஞ்சுல உக்காந்துக்கலாம்.

முதல் நாள் கம்பியைப் பிடிச்சு நிமிர்ந்து நின்னாரு பாருங்க. ஆறு மாசத்துக்கு அப்புறம் அவரை நின்ன கோலத்துல பார்த்தேன். அதுவரைக்கும் படுத்தும் உக்காந்தும்தானே பார்த்தேன். அப்ப அவரு கால் லேசா முன்னால போன மாதிரி இருந்தது. காலைத் தரையில வச்சேனான்னு கேட்டாரு. அவருக்குத் தெரியாதில்ல? நான் எட்டிப் பார்த்தேன், வச்சீங்கன்னேன். இன்னொண்ணு? அதுவும் வச்சீங்கன்னேன். அன்னைக்கு மூணு. வீட்டுக்கு வந்து நானும் அவரும் அதையே பேசிட்டிருந்தோம்.

அன்னையிலேர்ந்து அதுதான் வழக்கம். ஏழு மாசம். வியாழக்கிழமை வியாழக்கிழமை அவரு வச்சேனாம்பாரு, நான் வச்சீங்கம்பேன், எண்ணுவேன். மூணு அஞ்சாச்சு, அஞ்சு ஒம்பதாச்சு. காலண்டர்ல எழுதி வச்சிருக்கோம். அந்தப் பொண்ணும் நல்ல பொண்ணு, சார் கை நல்லா வலுவாயிடுச்சு சார்னு ஒவ்வொரு தடவையும் சொல்லும். இப்பப் பாருங்க அவரை, தானே தாடி மழிச்சுக்கிறாரு, தானே சட்டையைத் தேய்க்கிறாரு, பக்கத்து வீட்டு மிக்ஸியைக்கூட ரிப்பேர் பண்ணிக் குடுத்தாரு. மறுபடியும் என்னைத் திட்ட ஆரம்பிச்சிட்டாரு தம்பி. அதைவிட எனக்கு வேற என்ன வேணும்?

வந்துட்டேன், கேமராவுக்குத்தான் வர்றேன். போன மாசம் திடீர்னு கேட்டாரு, என் கால் தரையில படுறதை நான் ஒரு தடவை பார்க்கணும்னு. எல்லாம் நீ சொல்லித்தான் தெரியுது, என் கண்ணால ஒரு தடவை பார்த்துட்டா போதும், அப்புறம் யாரும் சொல்ல வேணாம்னாரு. போன்ல மேல இருந்து எடுத்தேன், வெறும் வெளிச்சம்தான் விழுந்தது. போனைத் தண்ணிக்குள்ள விட முடியுமா? அதான் இங்க ஓடி வந்தேன். அவரே கேமரா பத்தின புத்தகம் பார்த்துச் சொன்னாரு, பத்து மீட்டர் ஆழம் தாங்குற மாதிரி வாங்குன்னு. நெஞ்சளவு தொட்டிக்குப் பத்து மீட்டர் எதுக்குங்கன்னா, தாங்குற எடையை விட எப்பவும் கூடதான் வாங்கணும்னு லிஃப்டுக்குச் சொல்ற மாதிரியே சொல்றாரு.

அந்தப் பெருசுக்கும் தண்ணி போகாத உறை இருக்குன்னு தெரியும், கேமராவை விட உறை விலை ஜாஸ்தின்னு நீங்கதான் சொன்னீங்க. உறை வேணாம் தம்பி. ஆவியில லென்ஸ் மூடிக்கும்னு சொல்றீங்க. மூடிக்கட்டும், ஒண்ணும் பாதகமில்ல. மேல நின்னு எடுப்பேன், அவ்வளவுதான். அதென்ன கண்ணாடி? முன்னால திருகி மாட்டினா தண்ணி மேல இருக்கிற பளபளப்பு போயிடுமா? போயிட்டா? அடி வரைக்கும் தெரியுமா?

வேணாம். அதை எடுத்து உள்ள வச்சிடுங்க. அவரு கண்ணுல படாம வைங்க.

இல்ல, உங்க மேல ஒண்ணுமில்ல. நல்ல எண்ணத்துலதான் காட்டுறீங்க. இருங்க, கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க.

சரி, சொல்லிடறேன். வெளியில சொல்லாதீங்க, சொல்றதுக்கு யாரு இருக்கா உங்களுக்கும். இந்தச் சின்னக் கேமராவுல ஒரு கோளாறும் இல்ல. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகல. முந்தாநேத்து வியாழக்கிழமை. இந்த உடம்பை வச்சிட்டுத் தொட்டி ஓரத்துல குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையை உள்ள விட்டு எடுத்தேன். அந்தப் பொண்ணுகூட சிரிச்சுது. வச்சேனா? வச்சீங்க. டக். வச்சேனா? வச்சீங்க. டக். ஒம்பது படம். அன்னைக்குப் பதினாலு அடி, இதுவரைக்கும் அதுதான் ஜாஸ்தி. அவரு தொட்டியிலயே கையைத் தட்டினாரு. அவரைத் துணி மாத்தக் கூட்டிட்டுப் போன நேரத்துல நான் வராந்தாவுல நின்னு ஸ்க்ரீனைப் பார்த்தேன்.

நீங்க சொன்ன மாதிரியே துல்லியமா எடுத்திருக்கு. தரையில இருக்கிற நீல ஓடு ஒவ்வொண்ணா தெரியுது. அவரு பெருவிரல்ல ஒரு தழும்பு உண்டு, அதுவும் தெரியுது. ரெண்டு பாதமும் தொங்குது தம்பி. பாதத்துக்கும் தரைக்கும் நடுவுல ஒரு கையளவு இருக்கும். கை ரெண்டும் கம்பியில இறுக்கமா இருக்கு, உடம்பு மொத்தமும் அந்தக் கையிலதான். அந்தப் பொண்ணு இடுப்பை இப்படித் திருப்பினா இந்தக் கால் மிதந்து முன்னால வருது, அப்படித் திருப்பினா அந்தக் கால். ஒரு படம்னா நான்தான் தப்பா அமுக்கிட்டேன்னு விட்டுடலாம். ஒம்பதும் அப்படித்தான் இருக்கு.

அந்தப் பொண்ணு பொய் சொல்லல பாருங்க. கை வலுவாயிடுச்சுன்னுதான் சொல்லிச்சு, நடக்கிறாருன்னு ஒரு நாளும் சொல்லல. நான் எண்ணுறதை உற்சாகத்துக்கு எண்ணுறேன்னு நினைச்சிருக்கும். நான் நெஜமாத்தான் எண்ணினேன். மேல இருந்து பார்த்தா தரை கிட்டத்துல தெரியும், தண்ணி ஆடும், கால் வளைஞ்ச மாதிரி இருக்கும். எனக்கு வைக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது. சத்தியமா தெரிஞ்சுது. ஏன், தண்ணிக்குள்ள எடுத்தா எல்லாம் பெருசா தெரியும்னு சொல்றாங்களே, அப்ப அந்த இடைவெளியும் கம்மியாத்தானே இருக்கும்? உங்க தொழில்தானே, சொல்லுங்க.

ம். கம்மியா இருக்கும், ஆனா இருக்கும்ங்கிறீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அன்னைக்கு வெளியில வந்து அவருகிட்ட, ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியலங்க, கேமராவுல ஏதோ பழுதுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். வேற யாராச்சும்னா விட்டுடுவாங்க. இவரு மெக்கானிக். வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவர் எங்கன்னாரு. பழுதுன்னா என்ன பழுதுன்னு பார்க்காம அவருக்குத் தூக்கம் வராது. பிரிச்சா கடையில எடுத்துக்க மாட்டாங்கன்னு சொல்லி ரெண்டு நாள் ஓட்டினேன். அப்ப நானே வந்து கடைக்காரரைக் கேக்கறேன்னு கிளம்பிட்டாரு. காரைக் கூப்பிட்டு, நாற்காலியை மடக்கி, இதோ வாசல்ல வந்து உக்காந்திருக்காரு. உங்க கடையில படி இருந்தது என் நல்ல நேரம். புருஷன் ஏற முடியாத படியைப் பார்த்து நிம்மதியா மூச்சு விடுறேன், என்னைச் சொல்லணும்.

கார்டா? படம் இருக்கிற அந்தக் கார்டு என் பர்ஸ்ல இருக்கு. அழிக்கணும்னுதான் நினைக்கிறேன். அழிக்கவும் கை வரல, அடிபட்டதுக்கு அப்புறம் அவரு நிமிர்ந்து நிக்கிற படம் எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு. நெஞ்சுக்குக் கீழதான் விழுந்திருக்கு, இருந்தாலும்.

சொல்லிடலாமேங்கிறீங்களா? சொல்லிட்டு? மறுபடி சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டா நான் எந்தப் பக்கம் போய் நின்னு அவரைத் திருப்புவேன்? டாக்டர் நடை வரும்னும் சொல்லல, வராதுன்னும் சொல்லல. ஒரு வேளை அடுத்த மாசம் நெஜமாவே வச்சிட்டாருன்னா? அந்த ஒரு வேளைக்காகவாவது அவரு தண்ணியில இறங்கணும்ல? இறங்குறதுக்கு நான் எண்ணணும். இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு, எப்படி எண்ணுவேன்? வர்ற வியாழக்கிழமை இருபதுங்கிறாரு.

அதோ, கையைக் காட்டுறாரு பாருங்க. என்னாச்சுன்னு கேக்கறாரு. இருங்க வர்றேன்னு நீங்களும் கையைக் காட்டுங்க.

பெருசுக்கே பில் போடுங்க தம்பி, தண்ணிக்குள்ள போகாதது அதுதான். இந்தச் சின்னதைக் கையில எடுத்துக்கங்க, எடுத்துட்டு வாசலுக்கு வந்து அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உள்ள தண்ணி போயிடுச்சு சார், படம் ஒண்ணும் விழல, பிரிச்சாலும் சரியாகாதுன்னு. நீங்க தொழில் தெரிஞ்ச ஆளு, மறு கேள்வி கேக்க மாட்டாரு. நான் சொன்னாலும் நம்புவாருதான். ஏழு மாசமா நான் சொல்றதை மட்டும்தானே நம்பிட்டிருக்காரு. அதான், இந்த ஒரு தடவை வேற யாராச்சும் சொல்லட்டுமேன்னு.