தட்டினால் கேட்கும் சுவர்

சுங்கை பினாங் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் ஒரு கொத்தனாரும் பேசிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து தெரிந்துகொண்டவை:

1. போன வாரக் காற்றில் அக்கா வீட்டுக் கூரையின் ஓரம் பெயர்ந்துவிட்டது.
2. மழைத்தண்ணீர் சிமெண்டுக் கல் சுவருக்குள் இறங்கி, சமையலறை மூலை விரிசல் விட்டுவிட்டது.
3. அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. அங்கே இருந்த மல்லிகா, மகனோடு கிள்ளானுக்குக் குடிபோய்விட்டார்.

“கல்லுக்குள்ள வெறும் ஓட்டைலா அக்கா. கம்பி விட்டு கான்கிரீட் ஊத்தணும்.”

“ஊத்திட்டா மல்லிகா தட்டுறது எப்படி தம்பி கேக்கும்?”

“அந்த வீடு காலிதானே?”

“அவ அடுப்பு அந்த மூலைலதான். கறி கொதிச்சதும் கரண்டியால சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவா. நான் கிண்ணத்தோட ஓடுவேன்.”

“இப்பதான் போன் இருக்கே.”

“போன்ல கிண்ணத்த நீட்ட முடியுமா?”

கொத்தனார் சிரித்தார். பிறகு, “இன்னொரு காத்து அடிச்சா மூல விழுந்துரும்கா,” என்றார்.

“தீபாவளிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா. வீட்ட இன்னும் விக்கல.”

“மழ அதுவரைக்கும் காத்திருக்காதுலா.”

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் திரும்பிக் கேட்டார்:

“சுவர் முழுக்க ஊத்தணுமா?”

“மூலைக்குத்தான். நடுவுல பூசினாப் போதும்.”

“அப்ப நடுவுல தட்டினா கேக்குமா?”

“கேக்கும். அவங்கதான் அடுப்ப நடுவுக்கு நவுத்திப் போடணும்.”

“அவ வரட்டும். நானே நவுத்துறேன்.”

திங்கட்கிழமை மூலையில் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். நடுச்சுவரை நிரப்பப்போவதில்லை. பக்கத்து வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.