'சும்மா'வை நாடு கடத்திய டாக்டரம்மா

மேடையில் வீற்றிருக்கும் பெரிய டாக்டர் அவர்களே, கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் நர்ஸம்மாக்களே, நோயாளிகளின் சொந்தபந்தங்களே! ஆம்புலன்ஸ் ஓட்டிய கையால் மைக்கைப் பிடித்து, நீங்கள் ஒருவர்கூட நம்ப மாட்டீர்கள் என்ற உறுதிமொழியோடு ஒரு கதை சொல்கிறேன்.

மறைந்த நம் டாக்டரம்மா, 'சும்மா' என்ற சொல்லை இந்த மனநல மருத்துவமனையிலிருந்து நாடு கடத்தியவர்! "சும்மா வா, சட்டை வாங்கிட்டு வந்துடலாம்" என்று சொல்லித்தானே ஒவ்வொருவரையும் இங்கே இறக்கினோம்? அந்தச் சட்டைகளை நிஜமாகவே வாங்கியிருந்தால் வானத்துக்கே ஒரு ஜிப்பா மாட்டியிருக்கலாம்!

ஒருவரை இங்கே சேர்க்கப் பழைய சட்டத்துக்கு வீட்டார் கையெழுத்து போதும். புதுச் சட்டம் வந்தது; வருகிறவரையே கேள் என்றது. கல்யாணத்துக்கே சம்மதம் கேட்காத நாம், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கேட்பதா என்று கொதித்தோம். டாக்டரம்மா கொதித்தாரா?

என் மச்சானைக் கூட்டி வந்த அன்று, வண்டிக்குள் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, இது துணிக்கடை இல்ல. மனநல ஆஸ்பத்திரி. நான் டாக்டர். நீங்க தூங்கறதில்ல, சாப்பிடறதில்லன்னு அக்கா அழறாங்க. உள்ள வர்றீங்களா?"

"இல்ல."

"ஊசியப் போட்டுத் தூக்கிடுங்க டாக்டர்! என் மச்சான்மேல எனக்கு இல்லாத உரிமையா?" என்றேன்.

"அண்ணே, உங்க உரிமை வண்டிய நிறுத்தினதோட முடிஞ்சுது."

உட்கார்ந்தார் பாருங்கள்! டயர் வேர் விட்டது. சைரனில் குருவி கூடு கட்டி, பேரன் பேத்தி எடுத்தது! கடைசியில் அவன் வாய் திறந்தான்.

"கதவப் பூட்டுவீங்களா?"

"மாட்டேன். பூட்டற நிலைமை வந்தா, உங்ககிட்ட சொல்லாம பூட்ட மாட்டேன்."

இறங்கினான். யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை.

இன்று காலை, வார்டில் இருக்கும் அவனிடம் இந்தச் சாவை எப்படிச் சொல்வது? "வெளியூர் போயிருக்காங்கன்னு சொல்லிடுங்க" என்றாள் என் மனைவி. எனக்கும் நாக்கு நுனிவரை பொய் வந்தது. விழுங்கினேன்.

"டேய், உங்க டாக்டரம்மா போயிட்டாங்கடா. கூட்டத்துக்கு வர்றியா?"

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். "வரல."

இழுத்து வந்திருக்க முடியாதா என்னால்? முடியும். "சரிடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி அந்த வண்டிக்குள் யார் ஏறி உட்காருவார்கள்? நாம்தான், அய்யா! கேட்போம். பதில் வரும்வரை உட்காருவோம். பிடிக்காத பதில் வந்தாலும் எழுந்து போக மாட்டோம். டாக்டரம்மா மேல் சத்தியம்!

நான் அளந்ததையெல்லாம் தாராளமாகத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். மச்சானுக்காக முன்வரிசையில் நான் போட்டுவைத்த, அதோ, காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலி மட்டும் நிஜம்.